புல்லட்டும் மேப்பும்

கேள்வி: புல்லட்டின் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப் பார்த்துக்கொண்டே கொல்லிமலை ஏறப்போகிறேன். என்ன மாதிரி ஹோல்டர் வாங்கலாம்? (மலைப்பிரியன், நாமக்கல்)

பதில்: காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 'இடது பக்கம் திரும்பவும்' என்று போன் சொல்லித்தான் நீங்கள் திரும்ப வேண்டுமென்றால், ஹோல்டரைவிட நல்ல இன்ஷூரன்ஸாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது. நடுவே வாட்ஸ்அப்பில் மாமியார் என்ன அனுப்பினார் என்று பார்ப்பது வழி பார்ப்பதில் சேராது.

கவலை உங்கள் போனைப் பற்றித்தான். கை நடுங்கினாலும் படம் தெளிவாக விழ, இப்போதைய கேமராக்களில் லென்ஸை நுணுக்கமாக அசைத்துச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. பெரிய பைக் எஞ்சின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது கெட்டுப்போகலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. புல்லட்டோ ஒற்றை சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போதே சாமியாடும். ஆகவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் டேம்பர் வைத்த ஹோல்டராக வாங்குங்கள். விலை கூடுதல்தான், புதுக் கேமராவைவிடக் குறைவு. வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால், அதையே மாட்டிவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

கிளம்புமுன் மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் டவர் கிடைக்காவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.