பிளடி மகாத்மியம்

வசவிலும் உயர்வு தாழ்வு உண்டென்பதை அறிய விரும்புகிறவர்கள், மாம்பழக் காலத்தில் பெங்களூரா லோடு ஏற்றிய லாரிகள் கூழ் ஆலைகளுக்குப் புறப்படும் வேளையில், எங்கள் காவேரிப்பட்டினத்து மண்டியில் அரைமணி நேரம் நின்றால் போதும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் சம்பந்தம் செய்துகொள்ளும் இச்சீமையில் மூன்று பாஷை வசவுகளும் தாராளமாகவே புழங்குகின்றன. ஆயினும் எதைப் பிரயோகித்தாலும் எதிராளியின் தாய், தமக்கை முதலிய, சண்டைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஸ்திரீகள் நடுவே இழுக்கப்படுவதால், கூடைத் தகராறு குடும்பத் தகராறாக முற்றிப் பஞ்சாயத்து வரை போய்விடுகிறது.

ஆங்கில வசவுக்கு அந்த அபாயம் கிடையாது. பட்டாளத்தில் சுபேதாராயிருந்து ஓய்வுபெற்று மண்டியில் கணக்கெழுதும் பெரியவரொருவர், கூடையைக் கவிழ்த்துவிட்ட பையனைப் பார்த்து, மீசையை ஒருதரம் நீவிவிட்டு, ‘பிளடி ஃபூல்!’ என்பார். பையனோ ஏதோ பட்டம் பெற்றவனைப் போலப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ‘சரிங்க சார்’ என்று பழங்களைப் பொறுக்குவான். அதுவரை ‘அய்யா’வாக இருந்தவரை அந்தக் கணத்தில் ‘சார்’ ஆக்கியது அவ்வசவே என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவு கௌரவமுள்ள சொல் பிறந்தகத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரத்தம் தோய்ந்தது என்பது அதன் நேர்ப்பொருளாயினும், வைகிறவர் நெஞ்சில் ரத்தமுமில்லை, பொருளுமில்லை. கோபத்துக்குத் தாளம் போடுவதொன்றே அதன் உத்தியோகம். அப்படியிருந்தும், 1914-ஆம் ஆண்டு லண்டனில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ அரங்கேறியபோது, பூக்காரி எலைஸாவாக நடித்த திருமதி பாட்ரிக் காம்ப்பெல், பெரிய மனிதர் வீட்டு வரவேற்பறைக் காட்சியில் அதை உதிர்க்கவும், சபையோர் திகைத்து, பின்பு அடக்கமாட்டாமல் சிரித்தனர். அச்சொல்லை அச்சிடக் கூசிய பத்திரிகையும் உண்டு.

ஹைதர் அலி 1767-இல் எங்களூர்க் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்துக்கொண்ட வேளையில், வெளியேறிய வெள்ளைச் சிப்பாய்கள் அவருக்கு இதைக் கொண்டே சகஸ்ரநாம அர்ச்சனை செய்திருப்பார்களென்பது என் ஊகம். சரித்திர ஆசிரியர்கள் அதைக் குறிக்கவில்லை. அவர்களுக்கு முக்கியமானவற்றை விட்டுவிடுவதே வழக்கம்.

இப்போது ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள், அமெரிக்கப் படங்களில் கற்ற வேறொரு நாலெழுத்துச் சொல்லைச் செல்போனில் சரளமாக உச்சரிக்கிறார்கள். அன்றொருநாள் அது காதில் விழுந்ததும் சுபேதாருக்கு முகம் சிவந்துவிட்டது.

‘என்ன அசிங்கமான பேச்சுங்க இது! மரியாதையா வையக்கூடத் தெரியல, பிளடி ராஸ்கல்ஸ்!’ என்றார்.