பொண்டாட்டியை உக்கார வச்சு வரைஞ்ச தனிமை

எய்யா பேராண்டி, லீவுக்கு வந்ததுல இருந்து மாடியறையை விட்டு எறங்க மாட்டேங்க. என்னலேன்னு கேட்டா ‘தனிமையை வரையுதேன்’ங்க. உங்கம்மா மூணு வேளையும் மீன்குழம்பும் சோறுமா மாடி ஏறுதா. தட்டு படியேறி வர்ற தனிமை எனக்கும் வாய்ச்சிருந்தா, தோணிக்குப் பேர் எழுதுனவன் இந்நேரம் ஓவியனாயிருப்பேன்.

நீ தூங்கும்போது உன் போன்ல இருந்த படங்களை எல்லாம் உன் தங்கச்சியை விட்டு எடுத்துக் காட்டச் சொன்னேன். கோவிச்சுக்கிடாத. அமெரிக்காக்காரர் எட்வர்ட் ஹாப்பர், 1942ல முடிச்ச ‘நைட்ஹாக்ஸ்’. ராத்திரி, மூலைக் கடை, பெரிய கண்ணாடி. உள்ள நாலே பேரு. கடைக்காரன் குனிஞ்சு நிக்கான். ஒரு சோடி தோளுக்குத் தோள் உக்காந்தும் மூஞ்சியைப் பாத்துக்கிடல. இன்னொருத்தன் நமக்கு முதுகைக் காட்டுதான். தெருவுல இருந்து உள்ள போக ஒரு வாசல் இருக்கான்னு பாரு; கிடையாது. நல்ல படம்தாம்ல. அந்த வெளிச்சம் தெருவுல விழுந்து கெடக்க கெடப்புக்கே காசு குடுக்கலாம். சிகாகோக்காரன் 3000 டாலர் குடுத்தே வாங்கிட்டான்.

ஆனா நம்ம ஊர் புரோட்டாக் கடையில அந்த முதுகுக்காரன் வந்து உக்காந்திருக்கணும். சால்னா ஊத்துறதுக்குள்ள கடைக்காரன் ‘அண்ணாச்சிக்கு எந்தூரு, எத்தனை பிள்ளைக, மூத்தவளைக் கட்டிக் குடுத்தாச்சா’ன்னு கேட்டு முடிச்சிருப்பான். தனிமைப்பட விட்டாத்தானே!

இன்னொரு சங்கதி உன் வாத்தியாரு சொன்னாரா? அந்தப் படத்துல வாடிக்கைக்காரனுக ரெண்டு பேருக்கும் ஹாப்பரே கண்ணாடியில தன்னைப் பாத்து வரைஞ்சுக்கிட்டாரு. சிவப்புச் சட்டைக்காரி அவரு சம்சாரம் ஜோ. 1924ல கல்யாணம் கட்டி, அவரு 1967ல கண்ணை மூடுற வரைக்கும் கூடவே இருந்தவ, அவளும் ஓவியக்காரி. அவரு வரைஞ்ச பொம்பளைகள்ல பாதிக்கு மேல அவதான். கிணத்துல கல்லைப் போட்டாலாவது சத்தம் கேக்கும், இவர்கிட்ட பேசுனா அதுவும் இல்லைன்னு சலிச்சுக்கிட்டாளாம். நியூயார்க்ல மேல்மாடி வீடு, 74 படி. அடுப்புக்கரியைத் தானே சுமந்து ஏறுவாராம். உனக்கு ஏறுறது யாருன்னு யோசிச்சுக்கோ.

ஆண்ட்ரூ வையத் ஒருத்தர், 1948ல ‘கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்’. கால் வெளங்காத பொம்பளை காஞ்ச புல்லுக்காட்டுல கையூனிக்கிட்டு தூரத்து வீட்டைப் பாக்கா. கிறிஸ்டினாவுக்கு அப்ப 55 வயசு. உடம்புக்கு மாடலா உக்காந்தது இருபத்து சொச்சம் வயசுல வையத்தோட வீட்டம்மா. அமெரிக்கத் தனிமைக்கே கூலியில்லாம உக்காந்தது பொண்டாட்டிமார்தான் போலிருக்கு.

இனி சிரிப்பில்லை. நீ படிக்கிற எழும்பூர் ஓவியக் காலேஜுலதான் ஓவியர் கே. ராமானுஜமும் படிச்சாரு. பேச்சு திக்கும். கூட இருந்தவங்க கேலி பண்ணுவாங்க. காலேஜு முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர்தான் பிடிச்சு வச்சு, 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்குனப்ப அங்க கூட்டிட்டுப் போனாரு. ராமானுஜம் வரைஞ்சதுல ஒரு விரக்கடை இடம் சும்மா கெடக்காது. மாளிகை, பறவை, பாம்பு, சிங்காரிச்ச பொம்பளைக, நடுவுல தொப்பி வச்சுக்கிட்டு அவரே. நெசமா யாருமில்லாதவரு ஊரையே கூட்டி வச்சு வரைஞ்சிருக்காரு. 1973ல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாரு. முப்பத்து சொச்சம் வயசு.

நம்ம கோவில்பட்டி கொண்டைய ராஜுவைப் பாரு. ரமணாசிரமத்துல கெடந்தவரு, கல்யாணமே கட்டல. அவரு காலண்டர்ல லட்சுமிக்குப் பின்னாடி யானை, தாமரை, தண்ணி, எல்லாம் நெறைஞ்சு நிக்கும். நீ என்னன்னா வீடு நெறைய ஆள வச்சுக்கிட்டு வெறும் நாற்காலிய வரையுத. வசதியான பிள்ளைக்கு அப்படித்தான் தோணும்.

வெறுமை வேணும்னா கடலுக்கு அடியில இருக்கு. 1955ல மறுபடி ஆரம்பிச்சு 1961ஓட நின்னுபோன முத்துக்குளிப்புல உன் தாத்தன் குளிச்சான். கல்லுல காலை வச்சு மூச்சை அடக்குவான், கையை விட்டதும் சர்ருன்னு போயிருவான். கல்லை உடனே மேல இழுத்துருவோம். அப்புறம் கீழ அவனும் சிப்பியும்தான். பேச ஆளில்ல, பேசவும் முடியாது. மேல நான் கயிறைப் பிடிச்சுக்கிட்டு வாயில எண்ணிக்கிட்டு நிப்பேன். ஏன் நான்னா, நான் அவனுக்கு மச்சான். கூடப்பொறந்தவ தாலியை நெனைச்சுப் பிடிப்பான்னு மச்சான் கையிலதான் கயிறைக் குடுக்குறது. சொந்த அண்ணன் தம்பியை நம்ப மாட்டான். சொத்துல பங்கு இருக்குல்லா! ஒரு நாள் மேல இழுக்கச் சொல்லி அவன் கயிறைச் சுண்ட கொஞ்சம் பிந்திருச்சு. அந்த நேரத்துல தோணி நெறைய ஆள் நின்னும் எனக்கு ஒரு மூஞ்சியும் தெரியல. கயிறு மட்டுந்தான் தெரிஞ்சுது. அவன் மேல வந்து, மூச்சு வாங்கிக்கிட்டே, பீடி கேட்டான்.

அதை வரைலே. கீழ கெடக்கவனை வேண்டாம், அவனை எல்லாரும் வரைவான். மேல நிக்கிறவன் கையை வரை. மாடலுக்கு என் கை இருக்கு, தழும்பு கூட அழியல. பொம்பளை ஆள் வேணும்னா உங்க ஆச்சியைக் கேளு. இன்னும் கட்டாத பேரப்பிள்ளைக்கு உக்காந்தா கூலி உண்டான்னு இப்பமே கேக்கா. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன்: அசையாம இருன்னா இருப்பா. பேசாம இருன்னு மட்டும் சொல்லிராத.