‘ஒண்ணும் ஆகாது சார்!’

போன வாகனமே திரும்பி வரும், மறுபடியும் போகும் என்றதும் 1970-களில் உலகம் வாயைப் பிளந்தது. ஆண்டுக்கு ஐம்பது தடவை பறக்கும், செலவு அடிமாட்டு விலைக்கு இறங்கிவிடும் என்று சொல்லித்தான் அமெரிக்கா விண்வெளி ஓடத்தைக் கட்டியது. 1981-ல் முதல் பயணம். மும்முரமாக ஓடிய 1985-லேயே ஒன்பது தடவைக்கு மேல் முடியவில்லை. 2011-ல் கடையைக் கட்டும்போது மொத்தக் கணக்கு 135.

வாகனத்தை மறுபடி பயன்படுத்தத் திணறிய நாசா, ஒரு சாக்கை மட்டும் தேயத் தேயப் பயன்படுத்தியது: ‘போன தடவை ஒன்றும் ஆகவில்லையே!’ பூஸ்டர் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் முந்தைய பயணங்களிலேயே அரித்துப்போயிருந்தது. 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார் மேலதிகாரி. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் சேலஞ்சர் ஓடம் சிதறியது. ஏழு உயிர்.

விபத்து நடக்க வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம். நூறில் ஒன்று என்றார்கள் பொறியாளர்கள். நடந்தது 135-ல் இரண்டு. இரண்டாவது, 2003-ல் கொலம்பியா. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையை உடைத்தது. முன்பும் பல தடவை பெயர்ந்ததுதான். ஒன்றும் ஆகவில்லையே!

நம் இஸ்ரோ ‘புஷ்பக்’ வாகனத்தைச் சித்ரதுர்காவில் இறக்கிப் பழகியது 2023, 2024-ல்தான். ஆனால் சாக்கை மறுபடி பயன்படுத்தும் கலையில் நாம் என்றைக்கோ கரை கண்டவர்கள். 2001-ல் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டிப்போட்ட 28 மனநோயாளிகள் கருகினார்கள். 2004 ஜனவரியில் திருவரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஓலைப் பந்தல். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் ஓலைக் கூரை. 94 பிள்ளைகள்.

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை. இங்கே ஓலை இல்லை. கான்கிரீட் கட்டடம், லிஃப்ட் எல்லாம் உண்டு. தீயும் புகையும் சூழ்ந்ததில் ஒரு குழந்தை உட்பட குறைந்தது ஆறு பேர் செத்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களும் இருந்தார்கள். இருபது ஆண்டில் ஓலையிலிருந்து லிஃப்டுக்கு வந்திருக்கிறோம். தமிழ்நாட்டில் தொழில்நுட்பம் வளரவில்லை என்று எவன் சொன்னது?

ஓடம் ஒவ்வொரு தடவை இறங்கியதும் ஆயிரக்கணக்கான வெப்ப ஓடுகளைச் சரிபார்த்து மாளவில்லை அமெரிக்காவுக்கு. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆழ்ந்த இரங்கல், நிவாரண நிதி, உரிய விசாரணை, மாநிலம் முழுக்க ஆய்வு: எல்லாம் தயாராக இருக்கிறது. ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் அடுத்த பயணத்துக்கு ரெடி. தொப்பி மாற்றும் சிரமமும் இல்லை. கவர் கைமாறினால் போதும்.

நம்பாதவர்கள் ஊருக்குள் ஏதாவது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் ஏறிப் பாருங்கள். படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கு. சுவரில் தீயணைப்பு சிலிண்டர். தேதி காலாவதியாகிப் பல மாதம். மொட்டைமாடிக் கதவில் பூட்டு. நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது, லேசில் உடையாது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீக்கடையில்.

கேட்டால் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “இத்தனை வருசமா இப்படித்தான் இருக்கு. ஒண்ணும் ஆகாது சார்!”

இதே நம்பிக்கையில் ஓடத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட பதினான்கு பேர் திரும்பி வரவில்லை. ஆகவே, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கோ மண்டபத்துக்கோ மாடி டியூஷனுக்கோ போனால், மாடிக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும். கதவு திறக்கும்வரை உங்கள் பிள்ளையை உள்ளே அனுப்பாதீர்கள்.