இன்னும் ஒரு கால் திருகு

"ரொம்ப நேரமா பின்னாடியே வர்றேன் சார். செயின் உரசுது" என்றார், இன்று காலை திருவான்மியூர் சிக்னலில் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியவர். அடையாறிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன். வீட்டில் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை என்று என் மேல் புகார் உண்டு. அந்தக் 'கிர்ர்ர்' மட்டும் தப்பாமல் விழுகிறது. "கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்று வைத்தியமும் சொன்னார். பச்சை விழுந்தது, போய்விட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

எண்ணெய்! சத்தம் போடுகிற எதற்கும் நம் ஊரில் அது ஒன்றுதான் மருந்து. கதவுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான், முழங்காலுக்கும் அதுதான். எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் யோசனையோடு நிற்கவில்லை. நான் ஊரில் இல்லாத நாளில் தேங்காய் எண்ணெயாகவே ஊற்றி வைத்திருந்தார். நல்ல மனிதர், தன் வீட்டு எண்ணெய். கடற்கரைச் சாலையில் பறக்கிற மணலெல்லாம் இப்போது என் செயினில் வந்து குடியேறிவிட்டது. உரசல் அப்படியே இருக்கிறது. முன் கியரில் செயினை இடமும் வலமும் தள்ளுவதற்கு இரண்டு தகடு வைத்த கூடு ஒன்று உண்டு. செயின் அந்தத் தகட்டில் பட்டால் சத்தம். எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு படும், அவ்வளவுதான்.

எந்தத் திருகைத் திருப்பினால் இது நிற்கும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் இந்த 21 கியர் விவகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

வண்டியின் கம்பியிலேயே 21 என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. பெருக்கினால் 21, மறுக்கவில்லை. ஆனால் முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்று போட்டால் செயின் குறுக்கே ஓடும். அப்படிப் போடாதீர்கள் என்று வண்டியோடு தந்த கையேடே சொல்கிறது. முன்னால் சின்னது, பின்னாலும் சின்னது, அதுவும் கூடாது. ஆக, விற்கும்போதே 19. பின்னால் இருக்கும் ஏழும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பரந்து கிடக்கின்றன. செயினின் பின்முனை அத்தனை தூரம் போய்வரும்போது முன்முனை மட்டும் விரல் நுழையாத ஒரு கூட்டுக்குள் அசையாமல் நிற்க வேண்டுமாம். நடக்கிற காரியமா? எனவே அந்த இரண்டுக்கும் பக்கத்தில் உள்ளவையும் உரசும். 17 என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு பற்களை எண்ணினேன். கியர் சைக்கிள் வைத்திருக்கிற யாரும் என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுத்த விரலோடு உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள், எனக்குத் தெரியும். முன்னால் 48, 38, 28. பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது வந்துவிடும். 48ஐ 24ஆல் வகுத்தால் 2. 28ஐ 14ஆல் வகுத்தாலும் 2. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு! கிளறக் கிளற இன்னும் வருகிறது. 48க்கு 28 போட்டால் 1.71. 38க்கு 22 போட்டால் 1.73. 28க்கு 16 போட்டால் 1.75. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கு வாத்தியார் கண்டுபிடிப்பார், என் முழங்கால் கண்டுபிடிக்காது. 48க்கு 20 என்றால் 2.4, 38க்கு 16 என்றால் 2.375. 48க்கு 18, 38க்கு 14, இரண்டும் 2.7ஐ ஒட்டி நிற்கின்றன. குறுக்கே ஓடுகிறவற்றையும் மன்னித்து உள்ளே சேர்த்து, இரட்டைகளையும் மூன்றையும் ஒன்றாக்கினால், 21ல் ஆளுக்கு ஆள் வேறு முகம் உள்ளவை 13தான்.

அந்தப் பதின்மூன்றில் கடைசி மூன்று மலையேற. சென்னையில் மலைக்கு எங்கே போவது? கத்திப்பாரா மேம்பாலம் உண்டு. அதில் சைக்கிளோடு ஏறினால் கியரைவிடத் தைரியம்தான் முக்கியம். பரங்கிமலைக்கு நடந்தே மூச்சு வாங்குகிறது. போகட்டும், 10. உச்சியில் இருக்கிற இரண்டும், 3ம் 3.43ம், பறப்பதற்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்க வேண்டுமென்றால் காற்று பின்னாலிருந்து தள்ள வேண்டும். காற்றோ, நான் தெற்கே போனால் தெற்கிலிருந்தும் வடக்கே திரும்பினால் வடக்கிலிருந்தும் வருகிறது. வானிலை ஆய்வு மையம் இதை ஒப்புக்கொள்ளாது. மிஞ்சியது 8. அந்த எட்டில் வாயை மூடிக்கொண்டு ஓடுவது, நடு சக்கரமும் பின்னால் பதினாறும் சேர்ந்த ஒன்றே ஒன்று: 2.375. என் அப்பாவிடம் இருந்த, அம்பத்தூரில் பிறந்த ஹெர்குலஸ் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. வகுத்துப் பாருங்கள், 2.44.

அந்த வண்டியும் உரசியிருக்கிறது. செயின் கவர் நசுங்கி 'டக் டக்' என்று இடிக்கும். அப்பா இறங்கமாட்டார்; ஓட்டிக்கொண்டே குதிகாலால் கவரை ஓர் உதை விடுவார். சத்தம் நின்றுவிடும். பயிற்சி, கருவி, காணொளி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காணொளி என்றதும் அடுத்த எரிச்சல் வந்துவிட்டது. கையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாத இளைஞர் ஒருவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, கூட்டின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார். தகடு சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். 'எல்' என்று பொறித்த திருகு உள்பக்க எல்லை, 'எச்' என்று பொறித்தது வெளிப்பக்க எல்லை. கேபிள் முனையில் இருக்கும் குமிழைக் கால் திருகு திருப்புங்கள் என்கிறார். கால் திருகு! அந்தக் குமிழில் கோடு உண்டா, புள்ளி உண்டா? கால் எங்கே முடிகிறது, அரை எங்கே ஆரம்பிக்கிறது? திருப்பினால் மூன்றாவதில் சத்தம் போய் ஐந்தாவதில் வரும். ஐந்தாவதைத் துரத்தினால் ஒன்றாவதில் வரும். நீங்களும் அந்த இடத்தில் நிறுத்தமாட்டீர்கள், மறைக்க வேண்டாம். ஓடுகிற அளவுக்கு ஓடுகிறதே என்று விட்டுவிட்டு எழுந்து போனவரை நான் பார்த்ததில்லை.

பழைய கியர் லீவரில் சொடுக்கு கிடையாது. காதை வைத்துக் கேட்டு, ஒரு மயிரிழை முன்னே பின்னே தள்ளி, சத்தம் நின்ற இடத்தில் விட்டுவிடலாம். 1984ல் ஷிமானோ 'டக்' என்று சரியான இடத்தில் போய் நிற்கிற முறையைப் பந்தயச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. பின் கியருக்கு அது வரப்பிரசாதம். முன் கியருக்கும் அதே சொடுக்கு வந்தபோது மயிரிழை போய்விட்டது. விலை கூடிய வண்டிகளில் உரசலுக்கென்றே அரைச் சொடுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதாவது, சத்தம் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். என் வண்டியில் அரைச் சொடுக்கு இல்லை.

பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1903ல் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜ் இந்தத் தொல்லையை அன்றே மோப்பம் பிடித்திருக்க வேண்டும். கியர் என்பது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று அதற்கு முந்தைய ஆண்டே எழுதினார். அந்தப் பந்தயத்தில் செயினை நகர்த்தும் கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் செயினைப் போட்டு ஏறினார்கள். கொடுமைதான். ஆனால் உரசவில்லை. அவர் கணக்கில் எனக்கு கியர் வைத்துக்கொள்ளும் வயது எப்போதோ வந்துவிட்டது.

கடைக்கு எடுத்துப் போகவில்லையா என்பீர்கள். போனேன். வண்டியை ஸ்டாண்டில் தொங்கவிட்டுக் கையால் பெடலைச் சுற்றினார் தம்பி. 21லும் ஒரு முணுமுணுப்பு இல்லை. "சத்தமே இல்லையே சார்" என்று என்னைப் பார்த்தார். ஆள் ஏறி மிதிக்கும்போது கிராங்கும் சட்டமும் இம்மியளவு வளையும், அப்போதுதான் உரசும் என்றேன். என் வயிற்றைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு நன்றி. "சுத்துக்கு ஒரு தடவ உரசுதா, விடாம உரசுதா?" என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. சுற்றுக்கு ஒருமுறை என்றால் பல்சக்கரம் கோணல். விடாமல் என்றால் கூடு. விடாமல் என்றேன். கால் திருகு திருப்பினார். கேபிள் புதுசு, ஓட ஓட இளகும், அப்புறம் மறுபடி வாங்க என்றார்.

கிளம்பும்போதுதான் ஓரத்தில் நின்ற புது வண்டியைக் காட்டினார். முன்னால் ஒரே பல்சக்கரம். கூடு இல்லை, தகடு இல்லை, கேபிள் இல்லை. 2012ல் ஸ்ராம் கம்பெனி மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, இப்போது எல்லாரும் கேட்கிறார்களாம். "முன்னாடி உரசறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்" என்றார். விலை கேட்டேன். என்னுடையதைப் போல இரண்டு வாங்கலாம். இருந்ததை எடுத்துவிட்டதற்கு எதற்குத் தம்பி கூடுதல் காசு என்றேன்.

"பின்னாடி பன்னெண்டு இருக்குல்ல சார். அதான் ரொம்ப நைஸா செட் பண்ணணும்" என்று சொல்லி, பின்பக்கக் குமிழைத் தொட்டுக் காட்டினார்.