அசையும் சொத்து

எங்கள் கல்லூரியின் புதிய ஆய்வகக் கட்டிடத்தில் மேசைகளுக்குச் சக்கரம் உண்டு. மேசைக்கு நான்கு. திறப்பு விழாவன்று அவற்றைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறை புதுமாப்பிள்ளையின் செருப்பு மாதிரிப் பளபளத்தது. நான்கு வருடம் ஆகிறது. உறையை இன்னும் பிரிக்கவில்லை.

நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தது 1973-இல். அன்று வேதியியல் துறை என்றால் ஒரு நீள ஓட்டுக் கொட்டகை. அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆய்வகத்துக்காக இல்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆசிட் தின்ற தேக்கு மேசைகள். தரையில் திறந்த சாக்கடை, அதன்மேல் ஆடும் பலகைகள். பியூரெட்டைத் தவிர அங்கே நேராக நின்ற பொருள் குறைவு.

காலையில் பி.யு.சி. பையன்களுக்கு சால்ட் அனாலிசிஸ். மதியம் பி.எஸ்சி.க்கு டைட்ரேஷன். மாலை ஆறு மணிக்கு மேல், பையன்கள் உடைத்துப்போட்ட சோதனைக் குழாய்களைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அதே மேசையில் எங்கள் ஆராய்ச்சி. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. காலரா வந்தால் ஊசி போடும் இடம். ‘ஃப்ளெக்சிபிள்’ என்ற சொல்லை நாங்கள் ரப்பர் குழாய்க்கு மட்டுமே பயன்படுத்தி வந்தோம்.

நச்சுப் புகையை வெளியே இழுக்க ஃப்யூம் கப்போர்டு ஒன்று இருந்தது. அதற்குள் காற்றாடி இல்லாததால் அட்டெண்டர் அண்ணாச்சியின் தூக்குச்சட்டி இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தரும் கிப்ஸ் உபகரணத்தை அவர் வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டார். பையன்கள் சோதனைக் குழாயும் கையுமாக ரேஷன் வரிசை போல நிற்பார்கள். இதைவிடச் செலவில்லாத காற்றோட்ட ஏற்பாட்டை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

என் பிஎச்.டி.க்கு ஆறடி உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்றை மேசைமேல் நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் சுவரோரம்தான்; கூரை தாழ்வதும் அங்கேதான். முட்டியது. இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி, “இதுக்குப் போயி ஏன் சார் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய? ரெண்டு ஓட்ட உருவுனாப் போச்சு” என்றார். உருவினார். குழாயின் தலை வானம் பார்த்தது. மழைக்கு அதன்மேல் கவிழ்த்த தகர வாளி. துறைத்தலைவர் அண்ணாந்து பார்த்தார். “வடகிழக்குப் பருவத்துக்குள்ள முடிச்சிருங்க” என்றார். அவ்வளவுதான் அனுமதி. ஆராய்ச்சி முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு கண்ணாடி ஓட்டைச் சொருகி, வெளிச்சமும் வாங்கிக்கொண்டோம்.

அந்தக் கொட்டகையை நினைத்து நாங்கள் வெட்கப்பட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர் யாராவது வந்தால் முதல்வர் அறையிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவோம்.

ஓய்வுபெற்ற பின் 2017-இல் புதிய கட்டிடத்துக்கான குழுவில் என்னை ‘அனுபவமுள்ளவர்’ என்று சேர்த்தார்கள். கட்டிடக் கலைஞர் ஓர் இளம்பெண். லேப்டாப்பில் படம் படமாகக் காட்டினார். ஐந்து படத்துக்கு ஒருமுறை ‘ஃப்ளெக்சிபிலிட்டி’ வந்தது. கிண்டலாகத்தான் கேட்கத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

ஆய்வகத்தில் எல்லாமே நகராது என்பதிலிருந்து தொடங்கினார். மின்கம்பி எங்கு வேண்டுமானாலும் வளையும். குடிநீர்க் குழாய் மேலேயும் ஏறும். கழிவுநீர் மட்டும் சரிவு இருந்தால்தான் போகும். ஆகவே தொட்டி வைத்த இடத்தில் தொட்டி. ஃப்யூம் கப்போர்டு அதைவிடப் பிடிவாதம். அதன் வாயில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாம் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று புகைபோக்கி வழியாக வெளியே போகும். இந்த இரண்டையும் ஒரு சுவரோரம் ஒதுக்கிவிட்டால் மிச்ச இடத்தில் மேசைகள் உருளலாம், மின்சாரமும் வாயுவும் மேலிருந்து இறங்கலாம் என்றார். முப்பது பேர் ஒரே வேலையை மூன்று மணிநேரம் செய்கிற வகுப்புக்கு ஒரு மாதிரி அடுக்கலாம். நாலு பேர் நாலு வேலையை ராப்பகலாகச் செய்கிற ஆராய்ச்சிக்கு வேறு மாதிரி அடுக்கலாம்.

பிறகு சால்க் நிறுவனத்தின் படம். போலியோ தடுப்பு மருந்து கண்ட ஜோனஸ் சால்க்குக்காகக் கட்டிடக் கலைஞர் லூயி கான் கலிஃபோர்னியாவில் கட்டி 1965-இல் முடித்தது. ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றும் 65 அடி அகலம், 245 அடி நீளம். நடுவில் ஒரு தூண் கிடையாது. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் குழாய்களுக்கென்றே 9 அடி உயரமுள்ள தனி மாடி. கீழே ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேலே பிளம்பர் நடமாடலாம். குழாய் என்றாலே கானுக்கு ஆகாதாம்; ஆகாத சம்பந்திக்குத் தனி அறை கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறார்.

“ஆள் இல்லாத மாடிக்கு எதுக்கும்மா பணம்?” என்றார் குழுவின் நிதி உறுப்பினர். அத்துடன் அந்த மாடி போயிற்று. ஒன்றரை அடி ஃபால்ஸ் சீலிங் ஆகச் சுருங்கியது. மிச்சமான உயரத்தில் கருத்தரங்கக் கூடம் வந்தது.

அடுத்து அவர் காட்டியது கானின் பழைய ஆய்வகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, 1960-இல் எழுந்தது. உலகமே வந்து படமெடுத்துப் போன கோபுரங்கள். உள்ளே விஞ்ஞானிகளோ கண்கூச்சம் தாங்காமல் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினார்கள். எங்கள் குழு அதையும் கவனமாகக் கேட்டது. கேட்டுவிட்டு ஜன்னல்களைக் குறைத்தது.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் என்னிடம் மட்டும் இன்னொரு படம் காட்டினார். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி.யின் ‘பில்டிங் 20’. ரேடார் ஆராய்ச்சிக்காக 1943-இல் அவசர அவசரமாக எழுப்பிய மரக் கட்டிடம். போர் முடிந்து ஆறு மாதத்தில் பிரித்துவிடுவதாகச் சொன்னார்கள், 1998-இல்தான் இடித்தார்கள். அதில் சாம்ஸ்கி மொழியியல் செய்தார். ஜெரால்ட் சக்கரியாஸ் உயரமான அணுக்கடிகாரம் ஒன்றை நிறுத்துவதற்காகத் தளங்களையே வெட்டி எடுத்தார். யாரும் கேட்கவில்லை, தற்காலிகக் கட்டிடம்தானே.

எனக்குக் கண்ணாடி ஓடு ஞாபகம் வந்தது. அண்ணாச்சிக்கு மாசாசூசெட்ஸில் ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்! கூட்டம் மறுபடி கூடியதும் இதை எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பஜ்ஜி சூடாக இருந்தது.

கட்டிடம் வந்தது. தரை வழவழப்பு, லிஃப்ட், வாசலில் கல்வெட்டு. கொட்டகையை இடித்து அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். வேப்பமரம் மட்டும் நிற்கிறது.

போன மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். முனைவர் பட்ட மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய கருவி மேசையில் அடங்கவில்லை. பக்கத்து மேசையை நாலடி தள்ளினால் போதும். சக்கரத்தில் பூட்டுகூட இல்லை, காலால் உந்தினால் உருளும். ஆனால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ‘அசையும் சொத்து’ என்ற தலைப்பின்கீழ் அந்த மேசை 207-ஆம் அறை, கிழக்கு வரிசை என்று பதிவாகியிருக்கிறது. தணிக்கைக்காரர் வரும்போது அது அங்கே இருக்க வேண்டும். நகர்த்துவதென்றால் துறைத்தலைவர், ஸ்டோர்கீப்பர், பராமரிப்புப் பிரிவு மூன்றும் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அவர் கொடுத்த படிவம் ஏழு வாரமாக எங்கோ உருண்டுகொண்டிருக்கிறது.

“இந்த விதிய யாரு சார் போட்டாங்க?” என்றார்.

மேசைகள் காணாமல் போகும் என்ற பயத்தில் குழுவின் கடைசிக் கூட்டத்தில் போட்ட தீர்மானம் அது. அதன்கீழ் ஐந்து கையெழுத்துகள் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது.