ஒரு விதி என்ன விலை?

மே மாதம் பிறந்தால் தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் ஒரு திருவிழா நடக்கும். ஏதாவது ஒரு மைதானத்தில் மஞ்சள் பேருந்துகளும் வேன்களும் வரிசை கட்டி நிற்கும். ஆட்சியர் வருவார். வட்டாரப் போக்குவரத்து அலுவலர், கோட்டாட்சியர், போலீஸ், கல்வித் துறை என்று ஒரு பட்டாளம் பின்னால் வரும். ஆட்சியர் ஒரு பேருந்தில் ஏறுவார். அவசர வழியைத் திறந்து மூடுவார். முதலுதவிப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். தீயணைப்பு வீரர்கள் நெருப்பை மூட்டி, அதை அவர்களே அணைத்துக் காட்டுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். இத்தனை வண்டி பாஸ், இத்தனை வண்டி ஃபெயில் என்று கணக்கும் வரும். ஜூனில் பள்ளி திறந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். இதை நமக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று மட்டும் அந்த மைதானத்தில் ஒருவரும் சொல்வதில்லை. நன்றியுரை என்று ஒன்று வைத்தால், அதில் முதலில் வர வேண்டியவள் சென்னையை அடுத்த சேலையூரில் இரண்டாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி.

2012 ஜூலை 25, மாலை நேரம். சேலையூரில் உள்ள ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பேருந்து முடிச்சூரில் போய்க்கொண்டிருந்தது. பேருந்தின் தரையில் ஓட்டை. அந்தக் குழந்தை ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்தாள். அவள் ஏறி வந்த பேருந்தின் சக்கரமே அவள் மேல் ஏறியது. ஊர் திரண்டு வந்து பேருந்தைக் கொளுத்தியது.

அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்ததா என்று கேட்பீர்கள். அதெல்லாம் பக்காவாக இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. புதுப்பித்திருந்தார்கள். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. தரை மட்டும்தான் இல்லை. படிவத்தில் தரைக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்களா, அதில் ‘நன்று’ என்று எழுதினார்களா என்பதெல்லாம் ஆராய்ச்சிக்குரிய விஷயம். ஒரு குழந்தை விழுகிற அளவு ஓட்டை, காகிதத்தில் விழவில்லை என்பதுதான் நாம் அறிய வேண்டியது.

அடுத்து நடந்தவற்றை எல்லாம் அரசாங்கத்தின் வேகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. கைது நடந்தது, சஸ்பெண்ட் நடந்தது. மாநிலம் முழுக்கப் பள்ளி வாகனங்களைப் பிடித்துப் பிடித்துச் சோதித்தார்கள். நேற்றுவரை யார் கண்ணிலும் படாத ஓட்டைகள், உடைசல்கள், வழுக்கை டயர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டன. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், உதவியாளர் வேண்டும், அவசர வழி வேண்டும், தீயணைப்பான் வேண்டும்.

ஒன்றாவது புதுச் சரக்கா? பள்ளிப் பேருந்துகள் எப்படி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே சொல்லிவிட்டது. அந்தச் சிறுமி பிறப்பதற்கு முன்பே அவளைக் காப்பாற்றும் உத்தரவு டெல்லியில் பிறந்துவிட்டது. சேலையூர் வந்து சேர்வதற்குள்தான் அவளுக்கு இரண்டாம் வகுப்பு வந்துவிட்டது.

நம் மாநிலத்தில் விதிகள் சட்டமன்றத்தில் பிறக்கின்றன, கோட்டையில் பிறக்கின்றன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பொய். அவை சவக்கிடங்கு வாசலில் பிறக்கின்றன. ரொக்கம் வைத்தால்தான் சரக்கு. ரொக்கம் என்பது பிள்ளை. விலைப்பட்டியல் வேண்டுமானால் தருகிறேன்.

2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், சமையல் கூடத்துத் தீ, கீற்றுக் கூரை. 94 குழந்தைகள். வாங்கிய சரக்கு: பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது. கீற்றில் தீப்பிடிக்கும் என்ற விஞ்ஞானத்தை அரசு கண்டறிய 94 பேர் தேவைப்பட்டார்கள்.

2012, சேலையூர். ஒரு குழந்தை. வாங்கிய சரக்கு: மேலே சொன்ன சிறப்பு விதிகள், மே மாதத் திருவிழா உட்பட.

2022 மார்ச் 28, வளசரவாக்கம் பக்கம் ஆழ்வார்திருநகர். பள்ளி வளாகத்துக்குள்ளேயே, படித்த பள்ளியின் வேனிலேயே அடிபட்டு இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இறந்தான். வாங்கிய சரக்கு: பள்ளி வண்டிகளுக்கு முன்னும் பின்னும் கேமரா, சென்சார்.

2025 ஜூலை 8, கடலூர் அருகே செம்மங்குப்பம். லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள். வாங்கிய சரக்கு: கேட்டுகளில் சிசிடிவி, சிக்னலோடு கேட்டைப் பிணைக்கும் வேலைக்கு அவசரம். அந்த அவசரம் ஜூலை 7 அன்று எங்கே போயிருந்தது என்று ரயில்வேயைக் கேட்காதீர்கள். ஜூலை 7 அன்று யாரும் ரொக்கம் கட்டவில்லையே.

ஒன்று கவனித்தீர்களா? 94ல் தொடங்கிய விலை மூன்றுக்கும் ஒன்றுக்கும் இறங்கிவிட்டது. விலைவாசி இறங்கிய ஒரே துறை இதுதான். இதையும் யாராவது சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

விலை கொடுத்து வாங்கிய பொருளாவது உருப்படியாக இருக்கிறதா? 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் செப்டிக் டேங்குக்குள் எல்.கே.ஜி. குழந்தை விழுந்து இறந்தாள். மூடி துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. சேலையூரில் பேருந்தின் தரை, விக்கிரவாண்டியில் தொட்டியின் மூடி. பிள்ளையின் காலுக்குக் கீழே இருப்பதைப் பார்க்க நம் ஆட்களுக்குக் கழுத்து வளைவதில்லை. கழுத்து வளையும் திசை வேறு.

அட, தண்டனையாவது கிடைத்ததா என்றால், கும்பகோணத்தில் பத்து ஆண்டு கழித்து, 2014ல் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்துப் பேருக்குத் தண்டனை, பதினோரு பேருக்கு விடுதலை. 2017ல் உயர் நீதிமன்றத்தில் அந்தப் பத்திலும் பலர் வெளியே வந்தார்கள். நிறுவனருக்கு விதித்த ஆயுள் தண்டனை, அதுவரை சிறையில் இருந்த காலத்தோடு முடிந்தது. சேலையூர் வழக்கும் பத்து ஆண்டு நடந்தது. முடிவில் செங்கல்பட்டு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுதலை செய்தது.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. சாட்சியம் இல்லாமல் யாரையும் உள்ளே தள்ளக் கூடாது. விடுதலையானவர்கள் சட்டப்படி நிரபராதிகள். ஆனால் சாட்சியத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய அரசுத் தரப்புக்குப் பத்து ஆண்டு போதவில்லையா? பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஓட்டையுள்ள பேருந்தில் ஒரு குழந்தை செத்திருக்கிறாள். ஓட்டைக்குப் பொறுப்பு என்று ஒரு ஆளைக்கூட நிரூபிக்க முடியவில்லை. ஆக, நாம் ஏற்றுக்கொள்ள வேண்டிய வரலாறு இது: ஓட்டை சுயம்பு. தானாக முளைத்தது, எஃப்.சி. வாங்கியது, பிள்ளையை விழுங்கியது, பேருந்தோடு எரிந்து சாம்பலானது.

இப்போது ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்கு அதே சேலையூரின் கேம்ப் ரோடு சந்திப்பில் வந்து நில்லுங்கள். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பேருந்தும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் பைக்குகள் நுழையும். அப்பா ஹெல்மெட்டோடு, டேங்க் மேல் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் வெறுந்தலை. நடுவில் லஞ்ச் பேக். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று 2019லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பட்டை போட்டுப் பிணைக்க வேண்டும், வண்டி 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. அந்தப் பட்டையைக் கேட்டு அகரம்தென் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குங்கள். நாய்க்குக் கழுத்துப்பட்டை விற்கிற கடைக்கு வழி சொல்வார்கள்.

அடுத்து ஆட்டோ வரும். மூன்று பேருக்குப் பெர்மிட் வாங்கிய வண்டி. பின் சீட்டில் ஒரு வரிசை, எதிரே பலகை போட்டு ஒரு வரிசை, ஓட்டுநரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. புத்தகப் பைகள் வெளியே கொக்கியில் தொங்கும். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் திரும்பும்போது பைகள் ஒரு பக்கம் சாயும், பிள்ளைகள் மறு பக்கம் சாய்வார்கள். எதிரில் நிற்கிற போக்குவரத்துக் காவலர் அதைப் பார்க்கிறார். ஹெல்மெட் இல்லாத ஒற்றை ஆளைத்தான் ஓரங்கட்டச் சொல்கிறார். அபராதம் கட்டுகிற வயது வந்தவர் அவர் ஒருவர்தானே.

பள்ளிக்குள் போனால் வேறு உலகம். அங்கே கட்டுப்பாடு பிரமாதம். ஏப்ரல் வெயிலில் டை கட்டாத பிள்ளை வகுப்புக்கு வெளியே. ஷூ பளபளக்க வேண்டும். திங்கட்கிழமை நகப் பரிசோதனை. ஒரு விரலில் நகம் வளர்ந்திருந்தால் டைரியில் சிவப்பு மையில் எழுதி, அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பிள்ளையின் நகத்தைக் குனிந்து பார்க்கிற இந்த நிர்வாகம், அந்தப் பிள்ளை உட்கார்ந்து வருகிற வண்டியின் தரையை எந்தத் திங்கட்கிழமை குனிந்து பார்க்கிறது? வண்டிக்கு டைரி கிடையாது. வண்டி தப்பு செய்தால் அதன் பெற்றோரைக் கூப்பிட்டனுப்ப முடியாது. பள்ளியைக் கேட்டால் வண்டி ஒப்பந்தக்காரருடையது என்பார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டால் எஃப்.சி. இருக்கிறது என்பார். எஃப்.சி. கொடுத்தவரைக் கேட்டால், நான் பார்த்த அன்று வண்டி நன்றாகத்தான் இருந்தது என்பார். அதுவும் உண்மையாக இருக்கலாம். எஃப்.சி.க்குப் போகிற அன்று மட்டும் நல்ல டயர் மாட்டிப் பெயின்ட் அடித்து நிறுத்துகிற வித்தை ஊரறிந்த ரகசியம்.

ஒரு பள்ளி அலுவலகத்தில் ஒரு தகப்பன் கேட்டார்: “மேடம், வேனோட எஃப்.சி. காப்பி ஒண்ணு பாக்கணும்.”

“நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?”

“டிபார்ட்மென்ட் எல்லாம் இல்ல மேடம். யூ.கே.ஜி. பையனோட அப்பா.”

மேடத்தின் முகத்தில் இருந்த மரியாதை உடனே இறங்கிவிட்டது. “அதெல்லாம் பேரன்ட்ஸுக்குக் காட்டறதில்ல சார். நம்பிக்கை இல்லன்னா நீங்களே கொண்டுவந்து விட்டுக்கலாம். ஆனா கட்டின வேன் ஃபீஸ் திரும்ப வராது.”

தகப்பன் பேசாமல் வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்? இடம் கிடைத்ததே பெரும்பாடு. இங்கேதான் நம் முறை வருகிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். பல இடங்களில் இருக்கவும் செய்கிறது. அதைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருக்கிற பள்ளிக்கு மூன்றரை வயதுப் பிள்ளையை விடிகாலையில் தூக்கத்தோடு வண்டியில் ஏற்றுகிறோம். அட்மிஷன் வாங்கப் போனபோது எதையெல்லாம் கேட்டோம்? ஏசி உண்டா, ஸ்மார்ட் போர்டு உண்டா, ஹிந்தி உண்டா, அபாகஸ் உண்டா. அந்த வண்டிக்குள் ஒரு தடவை ஏறித் தரையைக் காலால் தட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பிள்ளை “எங்க வேன்ல கீழே ரோடு தெரியுதும்மா” என்று சொன்னால், “சேட்டை பண்ணாம உட்காரு” என்றுதானே சொல்லியிருப்போம்? வண்டியைக் கொளுத்துகிற வீரம் நமக்கு உண்டு. அதற்கு முந்தைய நாள் வண்டிக்குள் ஏறிப் பார்க்கிற வீரம்தான் இல்லை.

ஆட்டோக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவருடைய மாதக் கூலி நாம் பேசிப் பேசிக் குறைத்த கூலி. தலைக்கு இவ்வளவுதான் என்று நாம் கறாராக நின்றதால் அவர் தலைகளைக் கூட்டினார்.

ஆகவே ஒரு யோசனை. கேமரா, சென்சார், ஜி.பி.எஸ். எதுவும் வேண்டாம். ஒரு டப்பா கறுப்பு பெயின்ட் போதும். பள்ளியின் பெயரை வண்டியின் இரண்டு பக்கமும் முழ அளவு எழுத்தில் எழுதுகிறார்களே, அதன் கீழே அதே அளவு எழுத்தில் இன்னும் மூன்று வரி எழுதட்டும். இந்த வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்த அதிகாரியின் பெயர், பதவி, தேதி. அதன் பக்கத்தில் பள்ளித் தாளாளர் பெயர், வண்டிச் சொந்தக்காரர் பெயர். நாளைக்கு ஏதாவது நடந்தால் பத்து ஆண்டு சாட்சி தேட வேண்டாம். வண்டியே சாட்சி சொல்லும். அதிகாரிக்கும் லாபம் உண்டு. தன் பெயர் கேம்ப் ரோடு முழுக்க ஊர்வலம் போகிறது என்றால், கையெழுத்துக்கு முன் மனிதர் ஒரு நிமிடம் குனிவார்.

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். அப்படி எழுத விதியில் இடமில்லை என்பார்கள். விதியில் இடம் எப்படி உண்டாகும் என்பதைக் கும்பகோணத்திலும் சேலையூரிலும் ஆழ்வார்திருநகரிலும் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் முழு விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம், பேரம் பேசாமல். இந்த ஒரு விதியையாவது ஓசியில் போடுங்கள்.