பச்சைப் பகுதியில் சிவந்த முகங்கள்

● அவசரப் பிரிவில் அம்மாவோடு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பொறுமை போய், முகப்பில் இருந்த தாதியிடம் நாலு வார்த்தை கத்திவிட்டேன். அதுவும் வன்முறையா?
– வாசகர், புந்தோங்

அந்த நாலு வார்த்தை எவை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றால் கேள்வி. "வேலை முடிஞ்சு வெளியே வருவல்ல?" என்றால் மிரட்டல். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட வழிகாட்டியில் வசவு, மிரட்டல், அடி மூன்றும் வன்முறைதான். வேலைக்குப் போகிற வழியில் நடந்தாலும் கணக்கு உண்டு.

அம்மாவுக்குப் பச்சைப் பகுதி என்றார்களா? சந்தோஷப்படுங்கள். உயிராபத்தில் இருப்பவர்கள் போகும் சிவப்பில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே போக யாரும் ஆசைப்படுவதில்லை. இந்த நிறக் கணக்கை வந்ததுமே யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்றால் நிர்வாகத்தைக் கேளுங்கள். பணிநேர அட்டவணை போடுவது அந்தத் தாதி இல்லை. டாக்டரை மேசைக்கடியில் ஒளித்து வைத்திருப்பதும் அவர் இல்லை.

● அரசாங்கத் தாதியை அடித்தால் தண்டனை கடுமையாம். நான் தனியார் கிளினிக்கில் இருக்கிறேன். என் கன்னம் மலிவா?
– தாதி, ஈப்போ

கன்னம் ஒன்றுதான், பிரிவுதான் வேறு. கடமையைச் செய்யவிடாமல் அரசு ஊழியரைக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டம் 332: மூன்று ஆண்டு வரை சிறை. உங்கள் விஷயத்தில் 323: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதெல்லாம் அடி விழுந்த பிறகு. விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையிடத்தில் என்ன ஆபத்து வரக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை. தவறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். ஐந்து பேர் வேலை செய்தாலே ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். நாளைக் காலையில் "நம்ம கிளினிக்ல அது யாருங்க டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் கூரையைப் பார்த்தால், அந்தப் பதவி உங்களுக்கே வரப்போகிறது.

● எங்கள் தோட்டத்தில் டிரசர் ஐயா மேல் ஒரு கை பட்டதில்லை. இப்போது மட்டும் ஏன் இப்படி?
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பட்டிருக்காதுதான். தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் ஐயாவுக்குப் பின்னால் துரை நின்றார். விடியுமுன் பேர் பதியும் பெரட்டில் "காய்ச்சலுங்க" என்று நின்றவரை, "வேலைக்குப் போகலாம்" என்று டிரசர் சொல்லிவிட்டால் அன்றைக்கு அதுதான் தீர்ப்பு. மீறினால் பேர் விழாது, கூலியும் விழாது. அந்தக் கோபம் எங்கே போனது என்கிறீர்கள்? கள்ளுக்கடைக்குப் போய்விட்டு லயத்துக்கு வந்தது. அங்கே வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்களுக்காக யாரும் பதிவேடு வைக்கவில்லை. ஆகவே அந்தக் காலத்து மரியாதையில் பாதியைப் பயம் என்று திருத்திக்கொள்ளலாம்.

மீதிப் பாதி உண்மையானது. டிரசருக்கு உங்கள் பேர் தெரியும், உங்கள் அப்பாவின் இருமலும் தெரியும். பிறகு தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனம் பட்டணத்து மலிவு வீடுகளுக்குச் சிதறியது. இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது எண் அச்சடித்த சீட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது; நீங்கள் யாரென்று அவருக்கும் தெரியாது.

● வாசலில் இரண்டு ஜாகா போட்டால் தீராதா?
– வாசகர், கம்பார்

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைக் காக்கத் தனிச் சட்டம் 2008லேயே வந்தது. அப்படியிருந்தும் 2024 நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், நோயாளி ஒருவரின் மகன் கத்தியோடு புற்றுநோய் மருத்துவரின் அறைக்குள்ளேயே போய் அவரைக் குத்தினார். ஜாகா வேண்டும், கூடவே டாக்டர் உட்காரும் நாற்காலி கதவுப் பக்கம் இருக்க வேண்டும், மேசையடியில் ஒரு பொத்தான் வேண்டும், அது அடித்தால் ஓடிவர ஆளும் வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் செலவு அதிகம். அதனால்தான் முதலில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்.

● இப்படி அடிப்பவர்களைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பினால் என்ன?
– வாசகர், பீடோர்

1911லிருந்து அங்குள்ள மனநல மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துவரும் தாதிகள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

● மருத்துவப் பணிக்காக அடிபட்டவர் நம் பேராவில் உண்டா?
– மாணவி, பத்து காஜா

உங்கள் ஊர்ச் சிறையிலேயே இருந்தார். தாதியும் மருத்துவச்சியுமான சிபில் கார்த்திகேசு. கணவர் டாக்டர் கார்த்திகேசு இலங்கைத் தமிழர். இருவரும் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார்கள். ஜப்பானியர் ஈப்போவைப் பிடிப்பதற்குச் சற்று முன் பாப்பான் என்ற ஊருக்குப் போய், காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு இரவில் ரகசியமாக மருந்து போட்டார்கள். 1943இல் சிபிலைப் பிடித்த ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் செய்த சித்திரவதையில் முதுகெலும்பு போய்விட்டது. ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார்.

அவரைக் காட்டி "பார், எவ்வளவு பொறுத்தார்!" என்று இன்றைய தாதிகளுக்கு வகுப்பெடுக்கும் மேலாளர்கள் இருக்கக்கூடும். சிபில் பொறுத்தது ஓர் ஆக்கிரமிப்புப் படையை. இரவுப் பணித் தாதி பொறுக்கச் சொல்லப்படுவது, கார் நிறுத்த இடம் கிடைக்காத கோபத்தை.

● வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்ற தாய்மாரைப் பார்க்கிறேன். சில வீடுகளில் நாய், சில வீடுகளில் குடித்திருக்கும் கணவர்.
– சமூகத் தாதி, தாப்பா

நாயாவது குரைத்துச் சொல்லும். முன்னால் போனவர் அந்த வீட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் தொடங்கிவையுங்கள். அப்படிக் குறிக்கப்பட்ட வீட்டுக்கு இரண்டு பேராகப் போகவேண்டும். இது மேலிடம் கொடுக்கவேண்டிய உத்தரவு, நீங்கள் கெஞ்சிக் கேட்கும் சலுகை அல்ல. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கு, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வார் கேளுங்கள். மோட்டாரைச் சாலையைப் பார்த்து நிறுத்துங்கள்.

● நோயாளி என் கையை முறுக்கினார். எழுதப் போனால் மேட்ரன், "விடும்மா, பாவம், நோயாளிதானே" என்கிறார்.
– வார்டு தாதி, ஈப்போ

நோயாளி என்பதற்காக மன்னிக்கலாம், மறைக்கத் தேவையில்லை. சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் வரை பணிக்காலத்தில் உடல்ரீதியான தாக்குதலைச் சந்திப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கணக்கு ஏன் இவ்வளவு அகலம் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மேட்ரனைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கிருக்கும். எந்த வார்டு, எத்தனை மணி, எத்தனை கட்டிலுக்கு எத்தனை தாதி, முறுக்குவதற்கு முன் நோயாளி என்ன கேட்டார், எல்லாம் எழுதுங்கள். பத்துக் குறிப்பு சேர்ந்தால், அதிகாலை இரண்டு மணிக்கு இன்னொரு தாதி வேண்டும் என்று கேட்க உங்கள் கையில் காகிதம் இருக்கும். மேட்ரன் வாங்க மறுத்தால், மறுத்ததையும் தேதி போட்டு எழுதுங்கள்.